அறுந்து மீளும் ஸ்விட்ச் போர்ட்டுகள்: காரணத்தை எங்கே தேடுவது

கேள்வி இதுதான். மேலாண்மை வசதியும் பிஓஇ மின்வழங்கலும் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே சாதனத்துக்கு மின்சாரம் தருவது) உள்ள 24 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றில் நான்கைந்து போர்ட்டுகள் மட்டும் ஒரே நாளில் பலமுறை அறுந்து, சற்று நேரத்தில் தாமாகவே மீள்கின்றன. அவற்றில் சிலவற்றில் கேமராக்களும் மற்றவற்றில் கணினிகளும் இணைக்கப்பட்டுள்ளன. பேட்ச் கார்டுகளை (இருபுறமும் பிளக் உள்ள குறுகிய இணைப்புக் கேபிள்களை) மாற்றியாயிற்று, ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று, பலனில்லை. ஸ்விட்ச்சையே மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சில போர்ட்டுகள் மட்டும் இப்படி விட்டுவிட்டு அறுபடும்போது, ஸ்விட்ச்சின் உள்ளே இருக்கும் போர்ட்டே பழுதாகியிருப்பது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய காரணம். கேபிள், அதன் முனைகள், மறுமுனையில் உள்ள சாதனம், பிஓஇ மின்சாரம், ஸ்விட்ச்சில் செய்துள்ள அமைப்புகள் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும் வாய்ப்பே அதிகம். அதிலும், பிரச்சினையுள்ள எல்லாப் போர்ட்டுகளுக்கும் காரணம் ஒன்றேதான் என்று தொடக்கத்திலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. கேமரா போர்ட்டுகள் ஒரு காரணத்தாலும் கணினிப் போர்ட்டுகள் முற்றிலும் வேறொரு காரணத்தாலும் அறுபட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் பல இடங்களில் தேடல் திசைமாறிப் போகிறது.

முதலில் தெரிய வேண்டியது, அறுபடுவது எது என்பது. பயனருக்கு எல்லாமே "நெட் போய்விட்டது" என்றுதான் தெரியும். ஆனால் ஸ்விட்ச்சின் பக்கமிருந்து பார்த்தால், லிங்க் (போர்ட்டுக்கும் மறுமுனைச் சாதனத்துக்கும் இடையிலான இணைப்பு) உண்மையிலேயே வீழ்ந்து போர்ட்டின் விளக்கு அணைவது ஒன்று. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) மட்டும் சிதைந்தோ தொலைந்தோ போவது வேறு. ஏதோ ஒரு விதி மீறப்பட்டதாகக் கருதி ஸ்விட்ச் தானாகவே போர்ட்டை மூடிவிடுவது இன்னொன்று. லிங்க் நன்றாக இருந்தும் ஸ்பேனிங் ட்ரீ (வலைப்பின்னலில் தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் முறை) அந்தப் போர்ட்டில் தரவை அனுமதிக்காமல் நிறுத்தி வைப்பது மற்றொன்று. முதலாவதில் கேபிளையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பின்னிரண்டில் கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் நடக்காது.

இதைப் பிரித்தறிய ஸ்விட்ச்சின் லாக் (நிகழ்வுப் பதிவு) போதும், அதில் பதிவாகும் நேரம் சரியாக இருந்தால். பல ஸ்விட்ச்களில் கடிகாரம் அமைக்கப்படாமல், இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரமே லாக்கில் பதிவாகிக்கொண்டிருக்கும். எனவே முதல் வேலையாக என்டிபி (வலைப்பின்னல் வழியே நேரம் பெறும் முறை) மூலம் நேரத்தைச் சரிசெய்து, லாக் செய்திகளை வெளியே உள்ள ஒரு சிஸ்லாக் சேவையகத்துக்கு (லாக் செய்திகளைச் சேமிக்கும் கணினிக்கு) அனுப்பும்படி அமைக்க வேண்டும். ஸ்விட்ச்சின் உள்நினைவு சிறியது. அறுபடல் செய்திகள் குவியும்போது பழையவை அழிந்துவிடும், ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் எல்லாமே போய்விடும். பிரச்சினை வந்தவுடன் அணைத்துப் போடுவதை நான் விரும்பாததற்கு இதுவே காரணம்: அது சான்றுகளை அழிக்கிறது.

இரண்டு மூன்று நாள் பதிவு கிடைத்தபின், அறுபடும் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். சரியாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை மூடித் திறக்கும் போர்ட்டில் கேபிள் கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை. கேபிளுக்குக் கடிகாரம் தெரியாது. பிழையால் மூடப்பட்ட போர்ட்டைத் தானாக மீட்கும் வசதிக்கு சிஸ்கோ ஸ்விட்ச்களில் இயல்பாக உள்ள கால அளவு 300 நொடிகள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் கேமராக்கள் விழுந்தால் பிஓஇ பக்கம் பார்வை திரும்ப வேண்டும். ஒரு மோட்டாரோ லிஃப்ட்டோ ஓடும் நேரத்தோடு அறுபடல் பொருந்தினால் மின்காந்த இடையூறும் நிலஇணைப்பும் சந்தேகத்துக்குரியவை. எல்லாப் போர்ட்டுகளும் ஒரே நொடியில் விழுந்திருந்தால், அது போர்ட்டுகளின் கதையே அன்று. ஸ்விட்ச் எவ்வளவு நேரமாக இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தால், இடையில் அதுவே மறுதொடக்கம் ஆனது தெரியவரும். அப்போது மின்வழங்கியையும் வெப்பத்தையும் ஆராய வேண்டும்.

எல்லா அறுபடலும் கோளாறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கணினியை அணைக்கும்போதும், அது உறக்கநிலைக்குச் செல்லும்போதும், வலைப்பின்னல் வழியாக எழுப்பும் வசதிக்காக அதன் நெட்வொர்க் கார்டு 1000 மெகாபிட் வேகத்திலிருந்து 100 அல்லது 10 மெகாபிட்டுக்கு இறங்கும். அப்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழும். இயக்கும்போது மீண்டும் இதே போல நடக்கும். ஒரு கணினிப் போர்ட் காலையிலும் மாலையிலும் மட்டும் அறுந்ததாக லாக் காட்டினால், அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

அடுத்தது கவுன்ட்டர்கள், அதாவது ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஸ்விட்ச் வைத்திருக்கும் எண்ணிக்கைகள். அவை ஸ்விட்ச் இயங்கத் தொடங்கிய நாள் முதல் கூடிக்கொண்டே வருபவை. ஆகவே போர்ட்டில் 8,000 பிழைகள் இருக்கின்றன என்ற தகவல் மட்டும் எதையும் சொல்லாது. அவை அனைத்தும் ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரே பிற்பகலில் வந்தவையாக இருக்கலாம். கவுன்ட்டரைச் சுழியமாக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு நாள் கழித்தும் பார்க்க வேண்டும். சிஆர்சி பிழைகள் (சரிபார்ப்பு எண் பொருந்தாதவை) கூடினால், அந்தப் போர்ட் பெறும் திசையில் வரும் ஃபிரேம்கள் (பாக்கெட்டைச் சுமக்கும் தரவுப் பொதிகள்) வழியிலேயே சிதைகின்றன என்று பொருள். ஆகவே மறுமுனைச் சாதனத்தின் அனுப்பும் பகுதி, இடையிலுள்ள கேபிள், இந்தப் போர்ட்டின் பெறும் பகுதி ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். மறுமுனையும் ஒரு ஸ்விட்ச் என்றால் அங்குள்ள கவுன்ட்டரையும் பார்த்து, சிதைவு ஒரு திசையில் மட்டுமா, இரண்டிலுமா என்று கண்டறியலாம். வெளியேறும் திசையில் தவறவிடப்பட்ட பாக்கெட்டுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அது நெரிசல், கேபிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் கவுன்ட்டரைப் பார்த்துவிட்டுக் கேபிளை மாற்றப் புறப்படுபவர்கள் அதிகம்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. அலுவலக ஸ்விட்ச்களில் பெரும்பாலானவை ஒரு ஃபிரேமை முழுதாகப் பெற்று, சோதித்த பிறகே அனுப்புகின்றன. சிதைந்தது அங்கேயே கைவிடப்படும். ஆனால் தரவு மையங்களில் பயன்படும் சில ஸ்விட்ச்கள், தாமதத்தைக் குறைப்பதற்காக, ஃபிரேமின் முகவரிப் பகுதி வந்தவுடனேயே அதை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. சிதைந்த ஃபிரேமும் அவ்வாறே கடந்து சென்று, வழியிலுள்ள போர்ட்டுகளில் எல்லாம் சிஆர்சி பிழையாகப் பதிவாகும். அத்தகைய இடங்களில் பிழை தெரியும் போர்ட்டுக்கும் பிழை பிறந்த கேபிளுக்கும் நடுவே சில ஸ்விட்ச்கள் இருக்கக்கூடும்.

செப்புக் கேபிளைப் பொறுத்தவரை, லிங்க் எப்படி உருவாகிறது என்பது தெரிந்திருந்தால் அறுபடலின் தோற்றத்தை வைத்தே பழுதான இடத்தை ஊகிக்க முடியும். கேபிளிலுள்ள எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு அவற்றில் இரண்டு இணைகள் போதும். அவை 1, 2 மற்றும் 3, 6 ஆகிய முனைகளில் அமைகின்றன. 1999இல் தரமாக்கப்பட்ட கிகாபிட் செப்பு ஈதர்நெட் நான்கு இணைகளையும் பயன்படுத்துகிறது. ஆனால், எந்த வேகத்தில் பேசுவது என்று இரு சாதனங்களும் ஒத்துக்கொள்ளும் தானியங்கிப் பேச்சுவார்த்தை மட்டும் அந்த முதல் இரண்டு இணைகளிலேயே நடக்கிறது. 4, 5, 7, 8 ஆகிய முனைகளில் ஏதேனும் ஒன்றில் தொடர்பு அற்றுப்போயிருந்தால் என்ன ஆகும்? இரு சாதனங்களும் 1000 மெகாபிட்டுக்கு உடன்படும். பிறகு நான்கு இணைகளிலும் சமிக்ஞையைச் சீர்செய்ய முயன்று தோற்கும். மீண்டும் பேச்சுவார்த்தை, மீண்டும் தோல்வி. சில சாதனங்கள் சில முயற்சிகளுக்குப் பிறகு தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிலைபெறும். சில இறங்காமல் முயன்றுகொண்டே இருக்கும். முனை முழுதாக அறாமல், தொட்டும் தொடாமலும் இருந்தால், லிங்க் 1000இல் எழுந்து, சிறிது நேரம் நன்றாக ஓடி, கேபிள் அசைந்தால் விழும். ஆகவே, வழக்கமாக 1000இல் ஓடிய போர்ட் அறுபடலுக்குப் பின் 100இல் எழுந்து நின்றால், கிழிந்த சட்டையில் ஓட்டையைத் தேடுவது போல முழுக் கேபிளையும் துழாவ வேண்டியதில்லை. அந்த நான்கு முனைகளின் இணைப்பை முதலில் பார்த்தால் போதும்.

இத்தருணத்தில் பலரும் செய்யும் ஒரு வேலை, ஸ்விட்ச் பக்கத்தில் மட்டும் வேகத்தை 100 என்றும் முழு இருவழி (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்றும் கட்டாயப்படுத்திவிடுவது. லிங்க் நிலைபெற்றுவிடும், அறுபடல் நின்றதுபோலத் தோன்றும். ஆனால் தானியங்கி நிலையில் இருக்கும் மறுமுனை, பேச்சுவார்த்தைக்குப் பதில் கிடைக்காததால் வேகத்தை மட்டும் சமிக்ஞையிலிருந்து ஊகித்து, விதிப்படி அரை இருவழி (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) முறையைத் தேர்ந்துகொள்ளும். பிறகு ஒரு பக்கம் தாமதமான மோதல்களும் மறுபக்கம் சிஆர்சி பிழைகளும் குவியும். பிங் என்னும் சிறு சோதனைப் பாக்கெட் நன்றாகப் போகும், பெரிய கோப்பை நகலெடுத்தால் வேகம் படுத்துவிடும். கட்டாயப்படுத்துவதாக இருந்தால் இரு முனைகளிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்; அதுவும் நல்ல கேபிள் வந்து சேரும்வரை மட்டும். இன்னொன்றும் உண்டு: வேகத்தைக் கட்டாயப்படுத்தினால், நேர்க் கேபிளையும் குறுக்குக் கேபிளையும் தானாக ஈடுசெய்யும் வசதி பல ஸ்விட்ச்களில் செயலிழந்துவிடும், இரு ஸ்விட்ச்களுக்கு இடையே அதுவரை இருந்த லிங்க் அதனாலேயே எழாமல் போகலாம்.

பேட்ச் கார்டை மாற்றியாயிற்று என்று கேள்வியில் சொல்லப்பட்டுள்ளது. எந்தப் பேட்ச் கார்டு? ஸ்விட்ச்சிலிருந்து பேட்ச் பேனல் (ரேக்கிலுள்ள இணைப்புப் பலகை) வரை செல்வது ஒன்று. பேனலிலிருந்து சுவரிலுள்ள சாக்கெட் வரை நிலையாகப் பதித்த கேபிள் வேறு. சாக்கெட்டிலிருந்து சாதனம் வரை செல்வது இன்னொன்று. பெரும்பாலும் ரேக்கின் அருகில் இருப்பதை மட்டுமே மாற்றியிருப்பார்கள். மிகுதியாக மிதிபட்டு, நாற்காலிச் சக்கரத்தில் நசுங்குவது மேசையடியில் கிடக்கும் மூன்றாவது கார்டுதான். சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிரச்சினையுள்ள கேபிளை நன்றாக இயங்கும் ஒரு போர்ட்டுக்கும், நன்றாக இயங்கும் கேபிளைப் பிரச்சினையுள்ள போர்ட்டுக்கும் மாற்றிப் போட்டுவிட்டு, கோளாறு கேபிளோடு போகிறதா, போர்ட்டிலேயே தங்குகிறதா என்று பார்ப்பதுதான் மிகச் சிறந்த ஒற்றைச் சோதனை.

அதைச் செய்யுமுன் இரு போர்ட்டுகளிலும் விலேன் (போர்ட் சேர்ந்துள்ள வலைப்பின்னல் பிரிவு), பிஓஇ, போர்ட் பாதுகாப்பு ஆகிய அமைப்புகள் ஒன்றாக உள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். போர்ட் பாதுகாப்பு இயங்கும் இடத்தில், ஒரு போர்ட்டுக்கெனப் பதிவான மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வேறு போர்ட்டில் தோன்றினால் ஸ்விட்ச் அதையே விதிமீறலாகக் கொண்டு புதிய போர்ட்டை மூடிவிடக்கூடும். சோதனையே புதிய கோளாறை உண்டாக்கிவிடும். மற்றொரு கவனம்: முனையைக் கழற்றி மாட்டும்போதே அதன் தொடுமுனைகளில் படிந்த அழுக்கு உரசி நீங்கி, லிங்க் சில நாட்களுக்குச் சரியாகிவிடுவது உண்டு. மாற்றிய உடனே சரியாகிவிட்டது என்று முடிவு செய்யாமல், முன்பு அறுபட்ட இடைவெளியைவிடப் பல மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

முனைகளில் நேரும் குறைகள் பல. கம்பிகளைப் பிளக்கில் பொருத்தும்போது அவற்றின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. நடைமுறையில் இரண்டு மூன்று அங்குலம் பிரித்துவிட்டு, உறை பிளக்குக்கு வெளியே நிற்கும்படி அழுத்தியிருப்பதைப் பார்க்கிறோம். திடக் கம்பிக்கான பிளக்கும் பல இழைக் கம்பிக்கான பிளக்கும் வேறு வேறு. மாற்றிப் பயன்படுத்தினால் முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும், சில மாதங்களில் வெப்பத்திலும் அசைவிலும் தொடர்பு தளரும். தொலைபேசிக்கான சிறிய ஆர்ஜே11 பிளக்கை எட்டு முனைச் சாக்கெட்டில் யாராவது செருகியிருந்தால், ஓரத்திலுள்ள 1, 8 ஆகிய ஊசிகள் வளைந்துவிடும். பிளக்கின் பூட்டு நாக்கு உடைந்திருந்தால், ஸ்விட்ச்சின் விசிறி அதிர்விலேயே அது மெல்ல நழுவும்.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது இணை பிரிந்த முடிச்சு. எட்டுக் கம்பிகளும் இரு முனைகளிலும் எண்ணுக்கு எண் பொருந்தியிருக்கும், ஆனால் ஒன்றாக முறுக்கப்பட்ட இணையாக இல்லாமல் வேறு வேறு இணைகளிலிருந்து எடுத்த கம்பிகளாக இருக்கும். விளக்கு எரியும் மலிவான கேபிள் சோதனைக் கருவி இதற்கு எட்டு விளக்குகளையும் ஏற்றிக் காட்டித் தேர்ச்சி கொடுத்துவிடும். குறுக்கீட்டை அளக்கும் கருவி மட்டுமே பிழையைக் காட்டும். எனவே "டெஸ்டரில் பார்த்துவிட்டேன், கேபிள் நன்றாக உள்ளது" என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்டர் என்று கேட்பது நல்லது. நல்ல மேலாண்மை ஸ்விட்ச்கள் பலவற்றில், கேபிளுக்குள் ஒரு துடிப்பை அனுப்பி அது திரும்பும் நேரத்தைக் கொண்டு அறுபட்ட தூரத்தைச் சொல்லும் டிடிஆர் சோதனை உள்ளேயே இருக்கிறது. எந்த இணை, ஏறத்தாழ எத்தனை மீட்டரில் என்று அது காட்டும். ஒரு மீட்டரில் என்றால் பேட்ச் கார்டு அல்லது பேனல், கேபிளின் முழு நீளத்தில் என்றால் மறுமுனை. சோதனை நடக்கும்போது லிங்க் விழக்கூடும் என்பதால் வேலை நேரத்தில் அதைச் செய்யக் கூடாது.

கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டருக்குள், அதாவது பதித்தது 90 மீட்டரும் பேட்ச் கார்டுகள் இரு பக்கமும் சேர்த்து 10 மீட்டரும் என்ற அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் என்றால் அதை மாற்றிவிடுவதே என் பரிந்துரை. அதன் மின்தடை முழுச் செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. மடங்கினால் எளிதில் முறியும். தரநிலைகள் அதை ஏற்பதில்லை. பிஓஇ செல்லும் வழியில் அது இரட்டிப்புத் தொல்லை.

பிஓஇ பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கேமரா போர்ட்டுகளில் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை அனுப்பும். கேபிளில் இழப்பு போகச் சாதனத்துக்கு 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் 30 வாட் புறப்பட்டு 25.5 வாட் சேரும். ஆனால் ஸ்விட்ச்சின் மொத்த ஒதுக்கீடு இவற்றையெல்லாம் கூட்டிய அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 370 வாட் ஒதுக்கீடுள்ள 24 போர்ட் ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுகளுக்கும் 15.4 வாட் தர முடியும். 30 வாட் என்றால் 12 போர்ட்டுகளோடு முடிந்துவிடும். வரம்பு மீறும்போது முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளின் மின்சாரம் துண்டிக்கப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரிமை இருந்தால் பல ஸ்விட்ச்களில் எண் கூடிய போர்ட்டுகளே முதலில் பலியாகும்.

கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் இருட்டியதும் எரியத் தொடங்கும். அதன் மின்தேவை பகலைவிடச் சட்டென்று உயரும். தலையை அசைத்துத் திருப்பும் கேமராவோ வெப்பமூட்டி உள்ள கேமராவோ என்றால் இன்னும் கூடும். ஒதுக்கீடு போதுமானதாக இருந்தாலும், நீண்ட கேபிளில் மின்னழுத்தம் இறங்கிவிடலாம். முதல் தரத்தின்படி ஸ்விட்ச் குறைந்தது 44 வோல்ட் தர வேண்டும், சாதனம் 37 வோல்ட் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நடுவிலுள்ள 7 வோல்ட்தான் கேபிளுக்கு உரிய பங்கு. மெல்லிய கம்பியும் தளர்ந்த முனையும் அதைத் தின்றுவிட்டால் கேமரா அணைந்து மறுபடி இயங்கும். ஸ்விட்ச்சின் லாக்கில் அது வெறும் லிங்க் அறுபடலாகவே தெரியும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கேமராவின் நிர்வாகப் பக்கத்திலோ அதன் லாக்கிலோ அது எப்போது இயங்கத் தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். போர்ட் அறுந்த நேரத்துக்குப் பிறகே கேமரா இயங்கத் தொடங்கியிருந்தால் மின்சாரம்தான் போயிருக்கிறது. அதற்கு முன்பிருந்தே தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தால் மின்சாரம் குற்றமற்றது, தரவு இணைப்பை மட்டும் பார்த்தால் போதும். அறுபடலின் நீளமும் குறிப்புத் தரும். கிகாபிட் லிங்க் மீள்வதற்குச் சில நொடிகள் போதும். கேமரா முழுதாக இயங்கி எழ அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும், அதற்குள் லிங்க் இரண்டு முறை எழுந்து விழுவதும் உண்டு. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தக் கேமராவை மட்டும் தனி இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் சேர்க்கும் கருவி) வழியாக இயக்கிப் பார்க்கலாம். பெரும்பாலான கேமராக்கள் 100 மெகாபிட்டிலேயே ஓடுவதால் 4, 5, 7, 8 முனைகளில் தரவு செல்வதில்லை. ஆனால் சில பிஓஇ சாதனங்கள் மின்சாரத்தை அந்த முனைகளில்தான் அனுப்புகின்றன. எனவே, தரவு நன்றாகவும் மின்சாரம் மோசமாகவும் இருக்கும் கேபிள் என்பது நடக்கக்கூடியதே.

கணினிப் போர்ட்டுகளுக்கு வேறு சந்தேகம். 2010இல் தரமாக்கப்பட்ட 802.3ஏஇசட் என்னும் மின்சேமிப்பு வசதி, தரவு இல்லாத நேரத்தில் லிங்க்கின் ஒரு பகுதியை உறங்க வைக்கிறது. சில நெட்வொர்க் கார்டுகளும் சில ஸ்விட்ச்களும் ஒன்றோடொன்று இதில் ஒத்துப்போவதில்லை. பரபரப்பான வேலை நேரத்தில் நிலையாக நின்று, யாரும் பயன்படுத்தாதபோது அறுந்துகொண்டிருக்கும் லிங்க் இதற்குரிய அடையாளம். ஸ்விட்ச்சிலோ கணினியிலோ இந்த வசதியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். நெட்வொர்க் கார்டின் டிரைவரையும் புதுப்பிக்கலாம். ஸ்விட்ச்சின் ஃபர்ம்வேரை (உள்மென்பொருளை) புதுப்பிக்குமுன் வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, இந்தக் கோளாறு அதில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. காரணம் தெரியாமல் புதுப்பித்தால் மாறிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

ஃபைபர் (ஒளியிழை) போர்ட் உங்கள் கேள்வியில் இல்லை. ஆனாலும் ஸ்விட்ச்களை இணைக்கும் மேல்லிங்க் அறுந்தால் எல்லாருக்கும் எல்லாமே போய்விடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்எஃப்பி மாட்யூல்கள் (ஃபைபரை இணைக்க ஸ்விட்ச்சில் செருகுபவை) பலவும் தாம் பெறும் ஒளியின் அளவை டிபிஎம் அலகில் சொல்லும். 10 கிலோமீட்டர் வகை 10 கிகாபிட் மாட்யூலுக்குக் கீழ்வரம்பு -14.4 டிபிஎம், அது -13, -14 என்று வரம்பை ஒட்டி ஊசலாடினால் லிங்க் எப்போது வேண்டுமானாலும் விழும். பெரும்பாலான வேளைகளில் முனையிலுள்ள தூசிதான் காரணம். உரிய துப்புரவுப் பேனாவால் துடைத்தாலே போதும். பச்சை முனையையும் நீல முனையையும் ஒன்றோடொன்று செருகியிருப்பதும் உண்டு. முன்னதன் முகம் 8 பாகை சரிவாக வெட்டப்பட்டது என்பதால் இரண்டும் பொருந்தா. நீண்ட தூர மாட்யூலைக் குறுகிய கேபிளில் பயன்படுத்தினால் ஒளி மிகுந்து பெறும் பகுதி திணறும். ஃபைபர் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இப்போது, லிங்க் விழாமலேயே சேவை அறுபடும் வகை. ஒரு போர்ட் எழும்போதெல்லாம் பயனருக்கு அரை நிமிடம் எதுவும் கிடைக்கவில்லை என்றால், பழைய ஸ்பேனிங் ட்ரீயின் 15 நொடிக் கேட்டலும் 15 நொடிக் கற்றலும் நடக்கின்றன. சாதனங்கள் மட்டும் இணையும் போர்ட்டுகளை ஓரப் போர்ட் என்று அமைத்தால் அது நீங்கும். அது காத்திருப்பைக் குறைப்பதற்காக மட்டும் அன்று. ஓரப் போர்ட்டாக அமைக்கப்படாத போர்ட் ஒன்று எழுந்து விழும்போது கட்டமைப்பு மாறிவிட்டது என்ற அறிவிப்பு வலைப்பின்னல் முழுவதும் பரவி, ஸ்விட்ச்கள் தாம் கற்ற மேக் முகவரிகளை மறக்கின்றன. ஒரு கணினியின் தளர்ந்த பிளக் எல்லாருடைய போக்குவரத்தையும் கலைக்கிறது.

ஸ்விட்ச் தானாக மூடிய போர்ட் என்றால் காரணத்தை லாக்கே சொல்லும். ஐபி தொலைபேசியின் இரு போர்ட்டுகளையும் தவறுதலாகச் சுவரிலேயே செருகியிருப்பதால் உண்டாகும் சுற்று, பாதுகாப்பு விதியால் போர்ட்டை மூட வைத்து, தானியங்கி மீட்பால் திறந்து, மீண்டும் மூடப்படும்; முன்பு சொன்ன 5 நிமிடத் தாளம் இப்படித்தான் பிறக்கிறது. ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவிக்கொண்டிருப்பதாக லாக் சொன்னால், அதுவும் ஒரு சுற்றாக இருக்கலாம். அல்லது இரண்டு நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாக்கிய சேவையகம் ஒன்றுக்கு ஸ்விட்ச் பக்கத்தில் எல்ஏசிபி (பல லிங்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் நெறிமுறை) அமைக்காமல் விட்டிருக்கலாம். வைஃபையில் ஒருவர் ஓர் அணுகுமுனையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போனாலும் அதே செய்தி வரும், அது இயல்பானது.

இவையெல்லாம் கழிந்த பிறகும் கோளாறு போர்ட்டிலேயே தங்கினால் ஸ்விட்ச்சைச் சந்தேகிக்கலாம். அப்போது பழுதான போர்ட்டுகளின் எண்களைப் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள, கேபிளின் சமிக்ஞையைக் கையாளும் பிஎச்ஒய் சில்லு ஒன்று பெரும்பாலும் 4 அல்லது 8 போர்ட்டுகளைக் கவனிக்கிறது. பிரச்சினை 9 முதல் 16 வரை என்பது போல ஒரே கூட்டத்துக்குள் அடங்கினால் அந்தச் சில்லோ அதன் மின்வழியோ காரணம் என்பதற்கு வலுவான சான்று. 3, 11, 18, 22 என்று சிதறியிருந்தால் சாத்தியம் குறைவு. கட்டடத்துக்கு வெளியே செல்லும் செப்புக் கேபிளுள்ள போர்ட்டுகள் மட்டும் பழுதாகியிருந்தால், இடியால் வந்த மின்னெழுச்சியோ இரு கட்டடங்களின் நிலஇணைப்புகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடோ அவற்றைக் காயப்படுத்தியிருக்கும். அங்கே ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினால் புதியதும் அடுத்த மழைக்காலத்தில் அதே நிலைக்கு வரும். அந்த வழித்தடத்தை ஃபைபருக்கு மாற்ற வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இன்று நேரத்தையும் சிஸ்லாக்கையும் சரிசெய்து, கவுன்ட்டர்களைச் சுழியமாக்கிவிட்டு, கேமரா போர்ட்டுகளுக்கு பிஓஇ ஒதுக்கீட்டையும் இயங்கத் தொடங்கிய நேரத்தையும், கணினிப் போர்ட்டுகளுக்கு அறுபட்ட பின் எழும் வேகத்தையும் குறித்து வைப்பேன். நாளை இரவு கழிந்ததும் போர்ட்டுகளை மாற்றிப் போடும் சோதனையைத் தொடங்குவேன். அறுபடலைப் பொறுத்துக்கொண்டு லிங்க் விழுந்ததாக உடனே அறிவிக்காமல் தாமதிக்கும் அமைப்பு சில ஸ்விட்ச்களில் உண்டு. அதை இப்போது தொடவே மாட்டேன், ஏனெனில் அது கோளாறை அல்ல, கோளாறின் பதிவைத்தான் மறைக்கும். போர்ட்டே பழுது என்று உறுதியானால், மாற்றிப் போட்ட சோதனையின் நேரங்களையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த கவுன்ட்டர் எண்களையும் லாக்கோடு சேர்த்து உத்தரவாதக் கோரிக்கையில் இணையுங்கள். இல்லையென்றால் உற்பத்தியாளரின் உதவிப் பிரிவு உங்களிடம் முதலில் கேட்கப்போவது, பேட்ச் கார்டை மாற்றினீர்களா என்பதுதான்.